நம்ம வண்டி போகாத ஊரிலிருந்து ட்ரிபிள்ஸ் சலான்: வக்கீல் வைக்கணுமா, நாமே பேசலாமா?

நம்பியூர் தோட்டம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கங்க. கோபிக்கும் நம்பியூருக்கும் நடுவில் ஒரு கிராமம், கொஞ்சம் தோட்டமும் நாலு மாடும்தான் பிழைப்பு. வீட்டில் இருப்பது ஒரே வண்டி, ஸ்ப்ளெண்டர், கறுப்பில் ஊதாக் கோடு போட்டது, டி.என். 36 பதிவு, ஆர்.சி. அம்மா பெயரில். காலையிலும் சாயங்காலமும் எங்க ஐயன், அதாவது அப்பா, அதில்தான் கேனை மாட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போவார். மற்ற நேரத்தில் நான் ஓட்டுவேன்.

போன மாதம் வண்டியின் தவணை முடிந்தது. ஃபைனான்ஸில் கடன் பாக்கி இல்லை என்று என்.ஓ.சி. வாங்கி, 35-ஆம் படிவத்தையும் எழுதிக்கொண்டு எச்.பி. கேன்சல் செய்ய, அதாவது ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்கப் போனால், வண்டி மேல் சலான் (போக்குவரத்து அபராத நோட்டீஸ்) நிலுவை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன சலான் என்று பார்த்தால் இங்கிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஊரில், பகல் 11.20 மணிக்கு, மூன்று பேர் உட்கார்ந்து போனதற்கு 1,000, ஹெல்மெட் போடாததற்கு 1,000, மொத்தம் 2,000 ரூபாய். அந்த ஊருக்கு இந்த வண்டி ஒரு நாளும் போனதில்லைங்க. அதற்கெல்லாம் பஸ்தான். அன்றைக்கு வண்டி செயின் ஸ்ப்ராக்கெட் மாற்ற நம்பியூரில் மெக்கானிக் கடையில் கிடந்தது, நான் பக்கத்து டீக்கடையிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன்.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர், "2,000 தானே, கட்டிட்டு வேலையைப் பாருங்க" என்கிறார். இன்னொருவர் 3,500 கொடுத்தால் எல்லாம் சேர்த்து முடித்துத் தருகிறேன் என்கிறார். தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, கேஸ் நடத்தினால் ஐயாயிரமாவது ஆகும் என்கிறார். எனக்குக் கட்ட மனசு வரவில்லை. அதைவிட ஐயனைப் பார்த்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் ஒரு கேஸ் கிடையாது, ஒரு சண்டை கிடையாது, "நம்ம வண்டி போலீஸ் கணக்குல ஏறிப்போச்சாடா" என்று இரண்டு நாளாக அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வக்கீல் வைக்காமல் இதை நாமே எதிர்க்க முடியுமா? முடியும் என்றால் முதலில் எங்கே போக வேண்டும்? என்.ஓ.சி. மூன்று மாதம்தான் செல்லும் என்கிறார்கள், அதில் ஒரு மாதம் ஓடிவிட்டது. இன்னொன்று, நேற்று வாட்ஸாப்பில் சலான் விவரம் என்று வண்டி எண்ணோடு ஒரு ஃபைல் வந்திருக்கிறது. இன்னும் திறக்கவில்லை, திறக்கலாமா?


சங்ககிரி லாரி எழுதியது:

தம்பி, முதலில் அந்த வாட்ஸாப் ஃபைலைத் தொடாதீங்க, இப்பவே அழிச்சிடுங்க. போலீஸோ ஆர்.டி.ஓ.வோ யாரும் வாட்ஸாப்பில் ஏ.பி.கே. என்கிற ஆப் ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொல்ல மாட்டார்கள். அது போனுக்குள் போனால் உங்கள் மெசேஜை எல்லாம் படிக்கும், ஓ.டி.பி. உட்பட. எங்கள் டிரைவர் ஒருத்தர் இப்படித் திறந்து, ராத்திரியோடு ராத்திரியாக அக்கவுண்டில் இருந்த சம்பளப் பணம் போய்விட்டது. யாராவது ஏற்கெனவே திறந்திருந்தால் நெட்டை அணைத்துவிட்டு உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து சொல்லுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பிடித்து வைக்க வழி உண்டு. சலான் பார்க்க வேண்டுமென்றால் அரசின் பரிவாகன் தளத்தில் நீங்களே வண்டி எண்ணை அடித்துப் பாருங்கள். முகவரி கவ்.இன் என்று முடிகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பாருங்கள்.

சலான் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு நாலு லாரி ஓடுகிறது, வெளி மாநிலச் சலான் வராத மாதமே இல்லை. தப்பு நம்ம பேரில் என்றால் டிரைவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு கட்டிவிடுவேன். ஆனால் ஒரு முறை வடக்கே ஓர் ஊரில் அதிவேகம் என்று சலான் வந்தது, அதே நாள் அதே நேரத்துக்கு வண்டி விஜயமங்கலம் டோலைத் தாண்டியதாக ஃபாஸ்டேக் கணக்கில் இருக்கிறது. ஒரே வண்டி இரண்டு இடத்தில் எப்படி இருக்கும்? சலான் தளத்திலேயே புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது, அதில் ஃபாஸ்டேக் ஸ்டேட்மெண்டையும் ஜி.பி.எஸ். கணக்கையும் ஏற்றினேன். ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது, நடுவில் இரண்டு தடவை நினைவூட்டினேன், கடைசியில் ரத்து செய்துவிட்டார்கள். வக்கீலும் இல்லை, புரோக்கரும் இல்லை. பைக்குக்கு ஃபாஸ்டேக் இல்லை என்பதுதான் உங்களுக்குச் சிக்கல், அதற்குப் பதிலாக என்ன சாட்சி இருக்கிறது என்று யோசியுங்கள்.


பனியன் கம்பெனி எழுதியது:

நான் சொல்வது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். திருப்பூரில் ஷிப்டுக்குப் போகிறவன் நான். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, இரண்டு நாள் போட்டால் அந்த வாரம் போச்சு. எனக்கும் செய்யாத தப்புக்கு ஹெல்மெட் சலான் வந்தது. அந்த ஆபீஸுக்குப் போனால் சார் இல்லை, நாளைக்கு வாங்க என்றார்கள், நாளைக்குப் போனால் வேறு இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் 1,000 ரூபாயைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன். நியாயம் என் பக்கம்தான், ஆனால் வீட்டில் அரிசி வாங்க வேண்டுமே. உங்களுக்கும் என்.ஓ.சி. தேதி போய்க்கொண்டிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


தாராபுரம் வக்கீல் எழுதியது:

பனியன் கம்பெனி நண்பர் சொல்வதை நான் குறை சொல்ல மாட்டேன், கூலிக்குப் போகிறவருக்கு அலைச்சலே ஒரு தண்டனைதான். ஆனால் நம்பியூர் தம்பி, உங்கள் விஷயத்தில் கட்டுவதற்கு முன்னால் சில சங்கதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அபராதம் கட்டுவது என்றால் பணத்தோடு முடிகிற காரியம் இல்லை. அந்தக் குற்றம் நடந்தது என்று ஒத்துக்கொண்டு சமாதானமாகப் போகிறோம் என்று பொருள், மோட்டார் வாகனச் சட்டத்தில் 200-ஆம் பிரிவு. மூன்று பேர் போனதற்கு 194சி, ஹெல்மெட்டுக்கு 194டி, இரண்டிலும் 1,000 ரூபாயோடு, ஓட்டியவரின் லைசென்ஸை மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. 2019-இல் திருத்தம் வந்தபோது சேர்ந்தவை இவை, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்தத் தொகைதான் வசூலாகிறது. எல்லாருக்கும் லைசென்ஸை நிறுத்தி வைக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்யாததை ஒத்துக்கொண்டு ஒரு பதிவை வைத்துவிட்டால், பிறகு அதை அழிப்பது பெரும்பாடு. வேறு சில குற்றங்களில் இரண்டாம் முறை என்றாலே தொகை ஏறிவிடும், ஓட்டிக்கொண்டே செல்போன் பேசினால் முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000. அதனால் பழைய பதிவு சுத்தமாக இருப்பது எப்போதுமே நல்லது.

இனி வழி. முதலில் சலானைத் தளத்திலிருந்து இறக்குங்கள், அதனுடன் இருக்கும் படத்தையும் இறக்குங்கள். நிறையப் பேர் தொகையை மட்டும் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறார்கள், படத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. எண் தெளிவாக இருக்கிறதா, வண்டியின் நிறம், மாடல், பின்பக்கம் எல்லாம் உங்கள் வண்டிதானா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கம் வரும் சலானில் நிறைய, நிலையான கேமரா போட்டதல்ல, காவலர் கையில் இருக்கும் கருவியில் எண்ணைத் தட்டிப் போட்டது. வெயிலில் நின்றுகொண்டு அவசரத்தில் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால் போதும், சலான் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அவர்களும் மனிதர்கள்தான். இதில் யாரையும் திட்ட வேண்டியதில்லை, திருத்தச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

படத்தில் இருப்பது வேறு வண்டி என்றால் இரண்டில் ஒன்று. எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறார்கள், இல்லையென்றால் உங்கள் எண்ணையே இன்னொருவன் பலகையில் எழுதிக்கொண்டு சுற்றுகிறான். இரண்டாவது என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் உங்கள் ஊர் ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். இன்றைக்கு ட்ரிபிள்ஸ், நாளைக்கு அதே வண்டியில் செயின் பறித்துவிட்டுப் போனால் போலீஸ் முதலில் உங்கள் ஐயன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

எண் தவறு என்றால், சங்ககிரி அண்ணன் சொன்ன மாதிரி தளத்திலேயே புகார் போடுங்கள், அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். அதோடு நிற்காமல், சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு ஒரு பக்க மனு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சலான் எண், தேதி, நேரம், உங்கள் வண்டி இது, படத்தில் இருப்பது இது, ரத்து செய்யுங்கள், அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு எழுத வேண்டாம். ஆர்.சி. அம்மா பெயரில் இருப்பதால் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்க வேண்டும், உங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அந்த ஒரு காரணத்துக்கே தள்ளி வைப்பார்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் சலான் நீதிமன்றத்துக்குப் போகும். இப்போது மெய்நிகர் நீதிமன்றம் என்று இணையத்திலேயே இருக்கிறது, அதில் அபராதம் கட்டுகிறேன் என்று ஒன்றும் வழக்கை எதிர்க்கிறேன் என்று ஒன்றும் இரண்டு வழி காட்டும். எதிர்க்கிறேன் என்று கொடுத்தால் வழக்கமான மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு மாறும், சம்மன் வரும். வக்கீல் கட்டாயம் இல்லை, அம்மாவே போய்க் குற்றம் செய்யவில்லை என்று சொல்லலாம், நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சலான் போட்டவர்களுடையது. ஆனால் அந்தக் கோர்ட் அந்தப் பெரிய ஊரில்தான் இருக்கும், இரண்டு மூன்று வாய்தாவாவது ஆகும். அதனால் மனுவிலேயே முடிக்கப் பார்ப்பதுதான் புத்தி.

கடைசியாக, செலவு பற்றிக் கேட்டீர்களே. ஆர்.சி. அம்மா பெயரில் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்: 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லாருக்கும் உண்டு. பனியன் கம்பெனி நண்பரே, நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள், சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். மனு எழுதுவதற்கே உதவுவார்கள். ஐயாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.


காங்கேயம் அக்கா எழுதியது:

வக்கீல் சார், நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். என் ஸ்கூட்டியை இரண்டு வருடத்துக்கு முன்னால் தெரிந்தவர் மூலமாக ஒருத்தருக்கு விற்றேன். பேர் மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னார், நானும் நம்பி ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்துவிட்டேன். இப்போது அவர் ஓட்டுகிற ஓட்டுக்கு மாதம் ஒரு சலான் எனக்கு வருகிறது. ஏழு ஆகிவிட்டது. போன் செய்தால் எடுப்பதே இல்லை. படத்தில் இருப்பது என் வண்டிதான், ஆனால் ஓட்டுவது நான் இல்லை. இதை எதிர்க்க முடியுமா?


தாராபுரம் வக்கீல் எழுதியது:

அக்கா, உங்களுடையது தம்பியுடையதைவிடச் சிக்கலானது. சட்டத்தின் கண்ணுக்கு இன்னமும் நீங்கள்தான் வண்டிக்குச் சொந்தக்காரர். விற்றவர் 14 நாளைக்குள் 29-ஆம் படிவம் கொடுத்து ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் பேர் மாற்றாமல் விட்டது தப்புதான், ஆனால் ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அது விபத்து நஷ்டஈட்டு வழக்கு, அதை யோசித்துப் பாருங்கள்: அந்த ஆள் இன்சூரன்ஸ் இல்லாமல் யாரையாவது இடித்துவிட்டால் சலானோடு போகாது, லட்சக்கணக்கில் உங்கள் தலையில் வந்து நிற்கும்.

விற்ற பணம் எப்படி வந்தது? பேங்க் வழியாக வந்திருந்தால் அந்தக் கணக்கு, எழுதி வாங்கிய சீட்டு, வாட்ஸாப்பில் பேசியது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அவருடைய முகவரிக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள், நோட்டீஸ் கையில் கிடைத்ததும் முக்கால்வாசிப் பேர் பேர் மாற்ற வந்துவிடுவார்கள். வரவில்லை என்றால் ஸ்டேஷனில் புகார், ஆர்.டி.ஓ.வுக்கும் எழுத்தில் ஒரு நகல். ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு 133-ஆம் பிரிவில் இருக்கிறது, அதை வைத்தே நீங்கள் முன்வந்து அவர் பெயரையும் முகவரியையும் கொடுக்கலாம். தனியாகத் தலையில் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள், நீங்களும் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்தான்.


நம்பியூர் தோட்டம் எழுதியது:

வக்கீல் சாருக்கு ரொம்ப நன்றிங்க. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நெஞ்சே கொஞ்சம் லேசாகிவிட்டது. பின்னாலிருந்து எடுத்த படம். மூன்று பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருத்தன் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கடைசி எண் பாதி அழுக்கில் மறைந்திருக்கிறது, எட்டு மாதிரிதான் எனக்குத் தெரிகிறது, நம்முடையது மூன்று. அதைவிட முக்கியமாக, நம்ம வண்டியின் பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன் மாட்டும் கம்பி வெல்டிங் வைத்திருக்கிறது, வாங்கிய வருடமே போட்டது. படத்தில் உள்ள வண்டியில் அது இல்லை. அந்த வண்டி சிவப்பு வேறு.

அன்றைக்கு மெக்கானிக்குக் கொடுத்த பணம் 1.05-க்கு ஜிபேயில் போயிருக்கிறது, கையால் எழுதின பில்லும் இருக்கிறது. அன்று காலையும் சாயங்காலமும் பால் ஊற்றின சொசைட்டி சீட்டும் இருக்கிறது. இதெல்லாம் சேர்த்து அனுப்பலாமா? இன்னொரு கேள்வி, சலான் போட்ட தேதிக்கும் எங்களுக்குத் தெரிந்த தேதிக்கும் ஏழு வாரம் இடைவெளி. 15 நாளைக்குள் அனுப்பாவிட்டால் சலான் செல்லாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். 6 மாதம் சும்மா இருந்தால் தானாகப் போய்விடும் என்று இன்னொன்றில் சொன்னார்கள். உண்மையா?


தாராபுரம் வக்கீல் எழுதியது:

கேன் கம்பிதான் உங்கள் முதல் சாட்சி, நிறம் இரண்டாவது. வண்டியைப் பின்னாலிருந்து, அதே கோணத்தில், எண் பலகை தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து சலான் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி ஒரே தாளில் பிரிண்ட் போடுங்கள். பார்க்கிற அதிகாரிக்கு அரை நிமிடத்தில் விளங்க வேண்டும். ஆர்.சி. நகலில் நிறமும் மாடலும் இருக்கும், அதையும் வையுங்கள். மெக்கானிக் பில், ஜிபே கணக்கு இரண்டும் பரவாயில்லை. பால் சீட்டை வைக்க வேண்டாம். காலை ஆறரைக்குப் பால் ஊற்றிவிட்டு 11.20-க்கு அறுபது கிலோமீட்டர் தாண்டி இருக்க முடியாதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பலவீனமான சாட்சியை வைத்தால் பேச்சு அதைப் பற்றியே போகும், பலமானது மறந்துபோகும்.

15 நாள் விஷயம் பாதி உண்மை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று 2021 ஆகஸ்டில் சேர்த்தார்கள். மின்னணுக் கருவி பிடித்த குற்றத்துக்கு 15 நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், வண்டி எண் தெரிகிற தெளிவான படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும், கருவிக்கு வருடா வருடம் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழும் வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சான்றிதழ் முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலைக்குப் பிறகு புதிய சாட்சியச் சட்டத்தில் 63. கோர்ட்டில் வழக்கு நடந்தால் இதையெல்லாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் உங்களுடையதில் முதலில் பார்க்க வேண்டியது, ஆர்.சி.யில் இருக்கும் மொபைல் எண் இப்போது பயன்பாட்டில் இருக்கிறதா? பழைய சிம் என்றால் அவர்கள் அன்றைக்கே அனுப்பியிருப்பார்கள், உங்களுக்கு வந்திருக்காது. அந்த நிலையில் 15 நாள் வாதம் நிற்காது.

6 மாதம் என்பதும் காற்றில் வந்ததில்லை. வெறும் அபராதம் மட்டும் உள்ள குற்றத்தை 6 மாதத்துக்குப் பிறகு கோர்ட் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது, புதிய சட்டத்தில் 514-ஆம் பிரிவு. ஆனால் தாமதத்தை மன்னித்து எடுத்துக்கொள்ளவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. அதற்கு மேல், நீங்கள் காத்திருக்கும் காலம் பூராவும் தளத்தில் நிலுவை என்றே காட்டும், எச்.பி. கேன்சல் நடக்காது. வீடியோ போடுகிறவருக்கு என்.ஓ.சி. தேதி போவதில்லை, உங்களுக்குத்தான் போகிறது.

மனுவில் "எண் தவறாகப் பதிவாகியுள்ளது" என்று மட்டும் எழுதுங்கள். அந்தச் சிவப்பு வண்டியின் சரியான எண் எட்டில் முடிகிறது என்று நீங்களாகத் தீர்ப்பு எழுத வேண்டாம். படத்தில் அழுக்கு என்று நீங்களே சொல்கிறீர்கள், நாளைக்கு எட்டில் முடிகிற வண்டிக்காரரும் உங்களை மாதிரியே வேறு ஒருவராக இருந்தால் பாவம்.


சங்ககிரி லாரி எழுதியது:

ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வழியில் யாராவது நிறுத்தி ஆர்.சி., இன்சூரன்ஸ் கேட்டால் ஒரிஜினல் இல்லையே என்று பயப்பட வேண்டாம், அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலோ எம்பரிவாகன் ஆப்பிலோ காட்டினால் செல்லும், 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். எங்கள் டிரைவர்கள் எல்லாருக்கும் நானே போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். நிறுத்துகிறவரிடம் வாக்குவாதம் வேண்டாம், சலான் போட்டால் வாங்கிக்கொண்டு வந்து அப்புறம் எழுத்தில் கேட்டுக்கொள்ளலாம். பணத்தைக் கையில் கொடுத்தால் ரசீது இல்லாமல் நகராதீங்க.


நம்பியூர் தோட்டம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோபி கோர்ட்டில் சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். அம்மா கோர்ட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முந்தின நாள் ராத்திரி தூக்கமே இல்லை, காலையில் எதற்கோ பொட்டலத்தில் விபூதி வேறு எடுத்துக்கொண்டார். அங்கே ஒரு வக்கீலம்மா உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே பக்கத்தில் மனு எழுதிக் கொடுத்தார். பத்து பைசா வாங்கவில்லை. ஆர்.சி.யில் இருந்த எண், வக்கீல் சார் சந்தேகப்பட்டது போலவே, மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் விட்டுவிட்ட சிம். அதனால் 15 நாள் பேச்சை எடுக்கவே இல்லை.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தளத்தில் ஏற்றினோம், தபாலிலும் அனுப்பினோம். இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மனு நகலையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் நேரிலேயே போனோம். முதலில் இருந்தவர் ஆன்லைனில் பார்த்துக்கோங்க என்று சொன்னார், உள்ளே இருந்த அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். கேன் கம்பியை விரலால் தொட்டு, "இது எப்பம்மா வெச்சது?" என்று அம்மாவிடம் கேட்டார். "வண்டி வாங்கின வருசம்ங்க, மாடு கன்னு போட்டுப் பால் அதிகமானப்ப" என்று அம்மா சொன்னார். அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். எட்டாம் நாள் தளத்தில் பார்த்தால் நிலுவை எதுவும் இல்லை என்று வந்துவிட்டது.

செலவு என்று பார்த்தால் பஸ்ஸுக்கும் பிரிண்டுக்கும் தபாலுக்கும் சேர்த்து 600 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, எனக்கு மூன்று நாள் வேலை கெட்டது. பனியன் கம்பெனி அண்ணா சொன்ன கணக்கு தப்பில்லை, தோட்ட வேலை என்பதால்தான் எனக்கு நாளை ஒதுக்க முடிந்தது. என்.ஓ.சி. தேதி முடிவதற்குள்ளேயே எச்.பி. கேன்சலுக்குக் கொடுத்துவிட்டோம்.


பனியன் கம்பெனி எழுதியது:

சந்தோஷம் தம்பி. நான் கட்டினது கட்டினதுதான், அது திரும்ப வராது என்று தெரியும். ஆனால் போன வாரம் என் தங்கச்சி வண்டிக்கு ஒன்று வந்தது, இந்த முறை கட்டாமல் படத்தை இறக்கிப் பார்த்தோம். அது அவளேதான், ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறாள். கட்டிவிட்டோம்.


காங்கேயம் அக்கா எழுதியது:

நோட்டீஸ் போன நாலாம் நாளே அந்த ஆள் போன் செய்தார். வருகிற திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு 29, 30 இரண்டு படிவத்தோடும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஏழு சலானையும் கட்டின ரசீதைக் கொண்டுவந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். தம்பி, உங்க ஐயன் இப்போது எப்படி இருக்கிறார்?


நம்பியூர் தோட்டம் எழுதியது:

நல்லா இருக்கிறாருங்க அக்கா. நிலுவை இல்லை என்று வந்த பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வரச் சொன்னார், அதை மடித்து வங்கிப் புத்தகத்தோடு வைத்திருக்கிறார். ஆர்.சி.யில் மொபைல் எண்ணை மாற்றப் போகும்போது என் எண்ணைக் கொடுக்கலாம் என்று இருந்தேன். அம்மா விடவில்லை, "என் வண்டிக்கு என் நம்பரையே குடு, வந்தா நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் எண்ணையே கொடுத்திருக்கிறோம், இப்போது மெசேஜ் வந்தால் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் என்னிடம் காட்டுகிறார்.